மீன் புரட்டுகிறவள்

பிப்ரவரி 24, 1975, திங்கள்

புது நோட்டு. போன வருஷத்து நோட்டு செப்டம்பரோடு நின்றுபோனது. அதில் மீதிப் பக்கங்கள் இருக்கின்றன, ஆனால் அவற்றில் எழுத மனசில்லை. கானாவில், இந்த அன்சாக்ரோம் கடைத்தெருவில் கோடு போட்ட நோட்டு கிடைப்பதே பெரும்பாடு, கண்ணில் பட்டதும் வாங்கிவிட்டேன்.

இன்று இரண்டு வகுப்புக்கு லென்ஸ் பாடம் எடுத்தேன். முப்பத்தாறு ரெக்கார்ட் நோட்டு திருத்தினேன். அரிசியில் வண்டு, வெயிலில் காயப்போட்டேன். மாமியாரிடமிருந்து கடிதம் வந்தது. படித்தேன். பதில் எழுத நேரமில்லை.

லேபில் அராபா ஒரு பீக்கரை உடைத்தாள். நான் வாயைத் திறப்பதற்கு முன்பே இடுப்பில் கை வைத்து, இல்லாத கண்ணாடியை மூக்கின் மேலே தள்ளி, "இது என்ன ஒன் அப்பன் வீட்டுச் சொத்துன்னு நெனச்சியா?" என்று என் குரலிலேயே என்னைப் பார்த்துக் கேட்டாள். பிள்ளைகள் பெஞ்சில் விழுந்து சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். லேப் அட்டெண்டருக்கு இடம் கொடுத்தால் அவ்வளவுதான்.

அராபா பேசுவது பாதி இங்கிலீஷ், பாதி இந்தக் கரையோரத்து ஃபாண்டி பாஷை. இங்கே எழுதும்போது என் கையில் அது பாளையங்கோட்டைப் பேச்சாகத்தான் வருகிறது. எனக்குத் தெரிந்த பேச்சு அது ஒன்றுதான், நான் என்ன செய்ய?

மார்ச் 6, வியாழன்

கானாவின் சுதந்திர தினம், விடுமுறை. துணி ஊறவைத்திருந்தேன். வீட்டுக்காரர் தனசிங் வந்து, "கெளம்பு ரத்னா, இந்த ஊருக்கு வந்து மூணு வருஷமாச்சு, இன்னும் ஒரு கான்சர்ட் பாக்கல" என்று இழுத்துப் போய்விட்டார்.

கான்சர்ட் என்றால் கச்சேரி என்று நினைத்திருந்தேன். முழு நாடகம்! சினிமாக் கொட்டகையின் முற்றத்தில் பலகை மேடை, கிட்டார், மத்தளம், இடையிடையே பாட்டு, கோமாளி. ராத்திரி மின்சாரத்தை நம்ப முடியாது என்று பிற்பகல் மூன்று மணிக்கே தொடங்கிவிடுகிறார்கள். பெண் வேஷம் எல்லாம் ஆண்கள்தான். முகம் நிறைய பவுடர், டோப்பா முடி, குதிகால் செருப்பு, கையில் ஒரு கைப்பை.

இங்கே ஒரு வழக்கம் உண்டு. மேடையில் அழுகிற பாத்திரத்தின் மேல் இரக்கம் வந்தால், கூட்டத்திலிருந்து யார் வேண்டுமானாலும் மேடையேறி ரொட்டி, ஆரஞ்சு, கைக்குட்டை, சில்லறை என்று கையில் இருப்பதைக் கொடுக்கலாம். எத்தனை பேர் ஏறினார்கள் என்பதுதான் நடிப்புக்கு மார்க்.

கோஜோ என்பவர்தான் இந்தப் பக்கத்துக்கே பேர்போன பெண் வேஷக்காரர். ஐம்பதை நெருங்கியவர். இன்றைக்கு அவர் கடலில் புருஷனைப் பறிகொடுத்த மீனவப் பெண்ணாக வந்தார். செய்தி வந்ததும் டோப்பாவைப் பிய்த்து, மார்பில் அடித்து, மேடையின் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் உருண்டு உருண்டு கால்மணி நேரம் அழுதார். கூட்டம் முழுக்கக் கண்ணீர். எண்ணிப் பார்த்தேன், நாற்பத்தொரு பேர் மேடையேறினார்கள்.

எனக்கு எரிச்சலாக வந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அராபா, கோமாளிக்கெல்லாம் விழுந்து விழுந்து சிரித்தவள், அந்தக் கால்மணி நேரமும் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள்.

"ஊரே அழுதுட்டு. ஒனக்கு ஒண்ணுமே தோணலையா ரத்னா?" என்று கேட்டார் தனசிங்.

"தோணல."

திரும்பும்போது அவர் நாலடி முன்னாலேயே நடந்தார். கடைத்தெரு வழியாகவே வந்தோம். மலைப்பாதை குறுக்கு வழிதான், கல்லறைத் தோட்டத்தை ஒட்டிப் போகும். ஏற்றம் மூச்சு வாங்கும் என்பதால் நான் அந்தப் பக்கம் போவதில்லை.

மார்ச் 7, வெள்ளி

அராபாவிடம் கேட்டுவிட்டேன். "நேத்து ஏன் முகத்தைத் திருப்புன?"

சோதனைக் குழாய்களைக் கழுவிக்கொண்டே சொன்னாள். "அது எங்க அம்மா மேடம்."

பதினெட்டு வருஷத்துக்கு முன் அராபாவின் அப்பா போன படகு திரும்பவில்லை. அவள் அம்மா மாமே எஃபுவா (மாமே என்றால் இங்கே அம்மா) கரையில் மீனைப் புகையில் வாட்டி விற்கிறவர். கோஜோ அப்போது பக்கத்து வீடு. அந்த மாதமே அதை நாடகத்தில் சேர்த்துவிட்டார். அந்த அழுகையில்தான் அவருக்குப் பேர் வந்தது. இன்றைக்கும் கடைத்தெருவில் விடலைகள் மாமே எஃபுவாவைப் பார்த்தால், "மாமே, ஒரு தடவ உருண்டு காட்டுங்க" என்பார்களாம். அந்த அம்மா ஒரு நாள்கூட கான்சர்ட்டுக்கு வந்ததில்லை.

"அவங்க நெசமாவே அப்படியா அழுதாங்க?" என்றேன்.

"அழவே இல்ல மேடம். எனக்குப் பன்னெண்டு வயசு, பக்கத்துலதான் நின்னேன். அடுப்பு மேல அன்னைக்கு எட்டு தட்டு மீன். சேதி சொன்னவனை ஒரு பார்வை பாத்தா. பெறவு குனிஞ்சு மீனைப் புரட்ட ஆரம்பிச்சா. விட்டா கருகிரும்லா? பொழுது சாயுற மட்டும் புரட்டுனா. ஒரு மீன் கருகல. ஊர்ல அவளக் கல்லுன்னாங்க. கோஜோ கல்லைக் கொண்டுபோயி மேடையில என்ன செய்ய முடியும்? அதான் உருண்டாரு."

கழுவிய குழாய்களை நான் இன்னொரு முறை கழுவினேன். எதற்கென்று தெரியவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

கோஜோ லாரியிலிருந்து விழுந்து தோள்பட்டை எலும்பு முறிந்தது. ஈஸ்டர் திங்களன்று பெரிய ஆட்டம், சுற்றுவட்டாரமே வரும். பெண் வேஷத்துக்கு ஆள் இல்லை. கோவிலில் இன்றைக்குப் பிரசங்கத்தைவிட இதுதான் பேச்சு.

மார்ச் 11, செவ்வாய்

குழுவின் தலைவர் பைடூ, கிட்டார் வாசிக்கிறவனுக்குச் சேலை மாதிரி துணி சுற்றிப் பார்த்தாராம். அவன் தாடியை எடுக்க மாட்டேன் என்றுவிட்டான்.

அராபா நேரே போய், "நான் நடிக்கேன்" என்றிருக்கிறாள். பைடூ சிரித்திருக்கிறார். பெண் வேஷத்தைப் பெண் போட்டால் அதில் என்ன வித்தை இருக்கிறது என்று கேட்டாராம்! இவள் உடனே கோஜோவின் அழுகையை அப்படியே, கடைசி விம்மல்வரை, அங்கேயே செய்து காட்டியிருக்கிறாள். கட்டுப்போட்ட தோளோடு மூலையில் உட்கார்ந்திருந்த கோஜோ, "இவளையே போடுங்க" என்றாராம்.

இனி கல்லூரி அனுமதி வேண்டும். கான்சர்ட் மேடை ஏறுகிற பெண்ணுக்கு இந்த ஊரில் என்ன பெயர் வைப்பார்கள் என்று எனக்கும் தெரியும், அராபாவுக்கும் தெரியும். அவள் புருஷன் குமாசியில் லாரி ஓட்டுகிறான், இரண்டு பிள்ளைகள், இந்த வேலைதான் ஆதாரம்.

"வேலை போச்சுன்னா என்ன செய்வ?"

"போனா மீன் புரட்டுவேன் மேடம். ஆனா அம்மாவைக் கேலிக்கூத்தா விட்டுட்டு நான் சாவ முடியாது."

விடுப்பு விண்ணப்பத்தில் காரணம் என்ற இடத்தில் 'குடும்ப விஷயம்' என்று நானே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பொய் ஒன்றும் இல்லையே.

மார்ச் 12, புதன்

பிரின்சிபால் மிஸ் ஓக்ரன் கூப்பிட்டனுப்பினார். விஷயம் அதற்குள் அவர் காதுக்குப் போய்விட்டது.

"மிஸஸ் ரத்னபாய், ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில வேலை பாக்கிற பொம்பள கான்சர்ட்ல ஆடப் போறா. நீங்க கையெழுத்துப் போடுறீங்க."

"ஆடப் போகல. நடிக்கப் போறா."

"கூட்டம் கூச்சல் போட்டு ஒரு கல்லு விழுந்தாலும் அவளுக்கு வேலை இல்ல. கையெழுத்துப் போட்டவங்களும் எனக்குப் பதில் சொல்லணும்."

"சரி" என்றேன். வெளியே வந்ததும் எனக்கே என் மேல் ஒரு மதிப்பு வந்தது, எழுதிவைக்கிறேன்.

மார்ச் 15, சனி

ஒத்திகை பார்க்கப் போனேன். கண்கொள்ளாக் காட்சி. கோஜோ, இரண்டு பிள்ளை பெற்றவளுக்குப் பெண்ணாக நடக்கக் கற்றுக் கொடுக்கிறார்!

"இடுப்பை ஆட்டு. கையை இப்படி ஒடி. ஐயோ, பொம்பள மாதிரி நடம்மா!"

"எந்தப் பொம்பள இப்படி நடக்கா? தலையில நாப்பது ராத்தல் மீனு இருந்தா இடுப்பு ஆடுமா?" என்றாள் அராபா. ஒரு கூடையை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு மேடையின் குறுக்கே நடந்தாள். கழுத்து நேராக, பார்வை தூரத்தில், பாதம் மட்டும் பலகையைத் தடவிப் பார்த்துப் பார்த்து வைத்தாள். கிட்டார்க்காரன் தானாக வாசிப்பதை நிறுத்திவிட்டான்.

கோஜோ கட்டுப்போட்ட தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். பிறகு, "இன்னொரு தடவ நட" என்று மட்டும் சொன்னார்.

அழுகை வந்தபோது மட்டும் அவள் கோஜோ செய்வதை அச்சுப்பிசகாமல் உருண்டாள். பைடூவுக்குப் பரம திருப்தி. எனக்குத்தான் பார்க்கப் பிடிக்காமல் எழுந்து வந்துவிட்டேன். இதற்கா கையெழுத்துப் போட்டேன்?

மார்ச் 20, வியாழன்

பருவத் தேர்வு. மழை. அராபாவுடன் பேசவில்லை.

மார்ச் 26, புதன்

முயல் கூண்டுக்கென்று வாங்கிய கம்பி வலை ஸ்டோரில் கிடக்கிறது. அராபா வந்து, "அதுல ஆறடி வேணும் மேடம்" என்றாள்.

"எதுக்கு?"

"கேக்காதீங்க மேடம். பைடூவுக்கும் தெரியாது."

கேட்காமலே புரிந்துவிட்டது. அம்மாவின் மீன் அடுப்பு மேல் இருக்கும் வலையை எடுத்தால் அம்மாவுக்குத் தெரிந்துபோகும் என்று இங்கே வந்திருக்கிறாள். கல்லூரிப் பொருள் வெளியே போகக் கூடாது என்று மூன்று வருஷமாக எல்லாரிடமும் சண்டை போடுகிறவள் நான். கத்தரியை எடுத்து நானே வெட்டிக் கொடுத்தேன். கட்டைவிரலில் கீறிக்கொண்டேன், அது போகட்டும்.

"அன்னைக்கு மேடைக்குப் பக்கத்துல நீங்க நிக்கணும்" என்றாள். தலையாட்டினேன்.

மார்ச் 28, பெரிய வெள்ளி

மூன்று மணி நேர ஆராதனை. தனசிங் திரும்பும்போது மலைப்பாதையில் தனியாகப் போனார். நான் வீட்டுக்கு வந்து பின்னறைத் தூசியைத் தட்டலாம் என்று சாவியை எடுத்தேன். பிறகு அடுக்களையில் வேலை இருந்தது.

மார்ச் 29, சனி

மீன் வாங்கக் கரைக்குப் போனேன். வேண்டுமென்றே மாமே எஃபுவாவின் அடுப்புக்குப் போனேன் என்றுதான் சொல்ல வேண்டும். வட்டமான மண் அடுப்பு, மேலே கம்பி வலை, அதன் மேல் நம் ஊர்ச் சாளை மாதிரி மீன் வரிசை வரிசையாக. புகையில் கண்ணைத் திறக்க முடியவில்லை. அந்த அம்மா வெறும் விரலால் ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டிருந்தார்.

எனக்குத் தெரிந்த கடைத்தெரு ஃபாண்டியில், "திங்கக்கிழமை அராபா நடிக்கா" என்றேன்.

"தெரியும்."

"வருவீங்களா?"

"மீன் இருக்கு."

திரும்பி நடக்கப் போனேன். பின்னாலிருந்து கேட்டார். "நீ மலைமேல இருக்கிற பிள்ளையோட அம்மாதானே?"

ஆமாம் என்றேன். என் பையை வாங்கி மேலும் இரண்டு மீன் போட்டார். என்ன ஏது என்று எதுவும் கேட்கவில்லை. வேகமாக வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மார்ச் 31, ஈஸ்டர் திங்கள்

இன்றைக்கே எழுதிவிட வேண்டும்.

மூன்று மணிக்கு முற்றத்தில் எள் போட இடமில்லை. மிஸ் ஓக்ரன் முதல் வரிசையில் குடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தனசிங் நான்காவது வரிசை. நான் மேடையின் ஓரத்தில், திரைக்குப் பக்கத்தில் பைடூவோடும் கோஜோவோடும் நின்றேன்.

பவுடர் இல்லாமல், டோப்பா இல்லாமல், தினமும் உடுத்துகிற துணியைச் சுற்றிக்கொண்டு அராபா வந்தாள். கூட்டத்துக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் புரியவில்லை. "யாருய்யா இது? நெசப் பொம்பள!" என்று ஒருவன் கத்தினான். விசில், சிரிப்பு. பெண்கள் பக்கத்திலிருந்துகூட, "பிள்ளைகளைப் போய்ப் பாரு, போ!" என்றொரு குரல். அவள் காதில் வாங்காமல் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு அந்த நடையை நடந்தாள். பெண்கள் பக்கம் முதலில் அடங்கியது.

கோமாளியோடு சண்டை போடும் காட்சியில் சிரிக்கவைத்துக் கொன்றாள். அதற்குள் விசில் போட்டவர்களே கை தட்டினார்கள். பிறகு படகுக்காரன் ஓடிவந்து புருஷன் போன செய்தியைச் சொன்னான். கூட்டம் கைக்குட்டையைத் தயாராக எடுத்து வைத்துக்கொண்டது. கிட்டார்க்காரன் அழுகைப் பாட்டின் முதல் சுரத்தை வாசித்துவிட்டு நின்றான்.

அராபா படகுக்காரனை ஒரு பார்வை பார்த்தாள். மேடையின் நடுவில் நான்கு கல்லின் மேல் என் கம்பி வலை. அதில் மீன். அவள் குனிந்து ஒரு மீனைப் புரட்டினாள். பிறகு அடுத்தது.

பைடூவுக்கு மறந்துபோய்விட்டாள் என்று தோன்றியிருக்கிறது. "அழு! அராபா, அழு!" என்று திரைக்குப் பின்னாலிருந்து சீறினார். அவள் புரட்டிக்கொண்டே இருந்தாள். கூட்டத்தில் முணுமுணுப்பு. "என்னாச்சு அவளுக்கு?" "உருளு!" என்று ஒருவன் கத்தினான். இரண்டு மூன்று பேர் சேர்ந்துகொண்டார்கள். ஒரு ஆரஞ்சுத் தோல் வந்து மேடையில் விழுந்தது. மிஸ் ஓக்ரன் குடையை இறுக்கிப் பிடித்தார். வேலை போயிற்று என்று நினைத்தேன்.

பைடூ மேடைக்குள் பாயப் போனார். கோஜோ நல்ல கையால் அவர் சட்டையைப் பிடித்து நிறுத்தினார்.

"விடுங்க. அன்னைக்கு நான் பாத்தது இதத்தான்" என்றார். அவர் முகம் நனைந்திருந்தது. "பதினெட்டு வருஷமா நான்தான் பொய் சொன்னேன்."

ஒருத்தர்கூட எதையும் கொண்டு மேடையேறவில்லை. வெறும் மேடையில் அவள் விரல் மட்டும் அசைந்தது. மூன்றாவது வரிசை மீன், நான்காவது வரிசை. மெதுவாகக் கத்தல் நின்றது.

அப்போதுதான் பின்னாலிருந்து மாமே எஃபுவா வந்தார். எப்போது வந்து எங்கே நின்றாரோ, புகை நாற்றத்தோடு, அடுப்படியிலிருந்து எழுந்து அப்படியே. கூட்டம் விலகி வழி விட்டது. படியேறினார். கையில் ரொட்டியும் இல்லை, கைக்குட்டையும் இல்லை. மகளுக்கு எதிரே குந்தி உட்கார்ந்தார். வலையைப் பார்த்தார்.

"அராபா, இந்தப் பக்கம் கருகுது" என்றார்.

கீழே தீயே இல்லை. அந்த அம்மா குனிந்து, அந்தப் பக்கத்து மீன்களைப் புரட்ட ஆரம்பித்தார்.

கடவுளே! அந்த முற்றத்தில் ஒரு குழந்தைகூட இருமவில்லை. முதல் வரிசையிலிருந்து ஒரு மீன்காரி எழுந்தாள். பிறகு இன்னொருத்தி. கொடுப்பதற்கு எதுவும் எடுக்காமல் வெறுங்கையோடு மேடையேறி, வலையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கு ஒரு மீனைப் புரட்டினார்கள். "உருளு" என்று கத்தியவன் தொப்பியைக் கழற்றிவிட்டு நின்றான். எத்தனை பேர் ஏறினார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் எண்ணவில்லை.

மாமே எஃபுவா தலையைத் தூக்கி ஓரத்தில் நின்ற என்னைப் பார்த்தார். இடுப்பைக் கொஞ்சம் நகர்த்தி, பக்கத்தில் இடம் விட்டார்.

நான் போனேன். சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு, இத்தனை ஜனத்துக்கு முன்னால் மேடையேறி, அந்த இடத்தில் உட்கார்ந்து ஒரு மீனைப் புரட்டினேன். நான்காவது வரிசையில் தனசிங் எழுந்து நிற்பது தெரிந்தது. இரண்டு கையாலும் வாயைப் பொத்தியிருந்தார்.

ஆட்டம் முடிந்ததும் அராபாவைத் தோளில் தூக்கிவிட்டார்கள். "எங்க அம்மாவைத் தூக்குங்க!" என்று அவள் மேலிருந்து கத்தினாள். தூக்கவந்தவர்களை மாமே எஃபுவா விரட்டியடித்துவிட்டு, அடுப்பில் மீன் இருக்கிறது என்று போய்விட்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. என் லேபில் பீக்கர் கழுவுகிறவள்! என் கையெழுத்து!

திரும்பும்போது தனசிங் கடைத்தெருப் பக்கம் திரும்பினார். "இப்படிப் போவோம்" என்று நான் மலைப்பாதையைக் காட்டினேன். ஏற்றத்தில் மூச்சு ஒன்றும் வாங்கவில்லை.

ஏப்ரல் 1, செவ்வாய்

மிஸ் ஓக்ரன் லேபுக்கு வந்தார். "ஆறடி கம்பி வலை எப்போ திரும்ப வரும்?" என்றார். அராபா திருதிருவென்று முழித்தாள். வாசல்வரை போன மிஸ் ஓக்ரன் திரும்பி, "அடுத்த ஆட்டம் முடிஞ்ச பெறவு வந்தாலும் போதும்" என்றார்.

பின்னறையைத் திறந்து பெருக்கினேன். ஜோயலின் சட்டைகளை வெயிலில் போட்டேன். ஒன்றரை வயதுக்கு அவனுக்கு எத்தனை சட்டை!

மாமியாருக்குப் பதில் எழுதிவிட்டேன்:

'அத்தைக்கு. பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்த அன்று நான் அழாமல் ரெக்கார்ட் நோட்டு திருத்தினேனாமே என்று கேட்டிருந்தீர்கள். ஆமாம், திருத்தினேன். முப்பத்தெட்டு நோட்டு. ஒன்றில்கூடத் தப்பு விடவில்லை.'